இரண்டில் ஒன்று

கூடைப்பந்து வீரர் ஒருவரின் படம் போட்ட, பெயர் தவறுதலாகத் தலைகீழாக அச்சான அந்தச் சேகரிப்பு அட்டை உலகத்தில் இரண்டே இரண்டுதான். இரண்டும் பெனடிக்டிடம் இருந்தன. ஒன்றை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பியிருந்தான். கணினித் திரையில் அதன் விலை நாற்பது லட்சத்திலேயே நின்றுகொண்டிருந்தபோது, கடைக்குப் போய்வந்த மனைவி சகாயமேரி மற்ற அட்டையை நீட்டினாள். அதன்மேல் பளபளவென்று பிளாஸ்டிக்.

"ஓரம் மடங்கக் கூடாதுன்னு சொல்லிட்டே இருப்பீங்களே. ஆதார் கார்டோட இதையும் லேமினேஷன் பண்ணக் குடுத்தேன்."

லேமினேஷன் செய்த அட்டையைச் சேகரிப்பாளர்கள் சீந்தவே மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஏலத் தரகர் போனில் வந்தார்.

"சார், ரெண்டாவது கார்டு உங்ககிட்ட பத்திரமா இருக்கான்னு ஏலம் எடுக்கறவங்க கேக்கறாங்க."

"இல்ல, வீணாப்போச்சு. இனிமே அது ஒண்ணுதான்" என்றான் பெனடிக்ட்.

திரையில் எண் துள்ளியது. அறுபது. எண்பது. ஒரு கோடியே பத்து.

அவன் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த சகாயமேரி, கத்தரிக்கோலை எடுத்து பிளாஸ்டிக்கின் ஓரத்தை வெட்டினாள். உள்ளே இருந்த அட்டை வழுக்கிக்கொண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு கீறல் இல்லை.

"ஒண்ணும் ஆகலைங்க! மெஷின்ல விட்டதுமே கரண்டு போயிடுச்சு. ஓரம் மட்டுந்தான் ஒட்டியிருக்கு."

பெனடிக்ட் அட்டையைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். ஏலம் முடிய நான்கு நிமிடம் இருந்தது.

"கடையில இப்ப கரண்டு வந்திருக்குமா, மேரி?"