சிரிக்கக் கூடாது

மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் மனுஷன்.

"டாக்டர் பார்த்தது பிளம்பர் வேலை பாப்பா. தொடை வழியா டியூபை விட்டாரு, மண்ணீரல்ல லீக்கை அடைச்சாரு. நம்ம வீட்டு சிங்க்கும் ஒழுகுது. அப்படியே வந்து பார்க்கச் சொல்லட்டா?"

கட்டிலில் மகளின் வயிறு குலுங்கியது.

அவள் பாய்ந்துபோய் மகளின் தொடையைப் பிடித்துக்கொண்டாள். டியூப் விட்ட இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை உற்றுப் பார்த்தாள். நல்ல வேளை, வெள்ளையாகத்தான் இருந்தது.

கணவரை முறைத்தாள்.

சைக்கிள் ஹேண்டில்பார் குத்தி, வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கசிந்த பிள்ளை. கத்தி வைக்காமல் அடைத்திருக்கிறார்கள். காலை மடக்கக் கூடாது. இருமக் கூடாது. சிரிக்கக் கூடாது.

நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். பிள்ளைக்குப் புரிந்தது. பெற்றவருக்குத்தான் புரியவில்லை.

பெண் பார்க்க வந்த அன்றே கேசரியை வைத்து ஜோக் அடித்தவர். அன்று அவளும் சிரித்துத் தொலைத்தாள். அதன் பலனைத்தான் இன்றுவரை அனுபவிக்கிறாள்.

நர்ஸ் இரத்தம் எடுக்க வந்தாள்.

"இதுல ஹீமோகுளோபின் அளவு குறைஞ்சிருந்தா உள்ள இன்னும் கசியுதுன்னு அர்த்தம்மா. அப்புறம் வயித்தைத் திறந்துதான் ஆகணும்."

நர்ஸ் போனதும் அவர், "அப்படியே ஒரு ஜிப் வெச்சுத் தைக்கச்…" என்றார்.

"வாயை மூடுங்க!"

மூடிக்கொண்டார்.

அப்பாடா.

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

மகள் அந்த முதுகையே பார்த்தாள்.

"அம்மா, அப்பா ஏன் பேசல?"

"சும்மாதான்டா."

"எனக்கு ரொம்ப சீரியஸாம்மா?"

இதுவரை வராத பயம் இப்போது வந்துவிட்டது. பிளாஸ்டர் போட்ட காலை மடக்கப் பார்த்தாள்.

"ஏங்க. ஏதாவது சொல்லித் தொலைங்களேன்."

அவர் திரும்பினார். வாயைத் திறந்தார். உதடு கோணிக்கொண்டதே தவிர, வார்த்தை வரவில்லை.

என்றைக்காவது வேண்டிய நேரத்துக்கு உதவியிருக்கிறாரா இந்த மனுஷன்!

அவளே குனிந்தாள். ஜென்மத்தில் ஒரு ஜோக்கையும் அவள் உருப்படியாகச் சொன்னதில்லை.

"ஒரு எறும்பும் யானையும் ஸ்கூட்டர்ல போச்சாம். எறும்புதான் ஓட்டுச்சு. இல்ல, யானை. வழியில ஆக்சிடென்ட்…"

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஆக்சிடென்ட் எல்லாம் ஒண்ணும் ஆகல. ரெண்டும் பத்திரமா வீட்டுக்கு வந்துடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? சாப்பிட்டுட்டுத் தூங்கிடுச்சு."

மகள் அவளையே பார்த்தாள்.

"இதுல ஜோக் எங்கம்மா?"

"தெரியலடா."

முதலில் மகளின் மூக்கு விடைத்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

அவள் தடுக்கவில்லை. பிளாஸ்டரின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

கதவு திறந்தது.

"யாரு மறுபடியும் பாப்பாவைச் சிரிக்க வெச்சது?"

நர்ஸ்தான். கையில் ரிப்போர்ட்.

அவள் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை. நர்ஸின் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்தது. கோபம் மட்டும்தான் இருந்தது.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மனைவியைக் காட்டிக்கொடுத்தார்.