மிச்சமிருந்த சொல்

கணவரின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் கை சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. வாயும் அப்படித்தான். அத்தனை சொற்களும் போய், ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஓகே.

பசிக்கிறதா என்றாலும் ஓகே. மருந்து கசக்கிறதா என்றாலும் ஓகே.

விதியின் குசும்பைப் பாருங்கள். அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த காலமெல்லாம் அவருக்கு ஆகாத சொல் அது. எல்லாம் சரி என்கிற 'ஆல் கரெக்ட்'டை இங்கிலீஷ் பத்திரிகைக்காரர்கள் யாரோ வேண்டுமென்றே 'ஓல் கொரெக்ட்' என்று தப்பும் தவறுமாக எழுதி, முதலெழுத்துகளை மட்டும் ஒட்டவைத்துக் கேலி செய்ததில் பிறந்ததாம். பிழைக்குப் பிறந்த பிள்ளையை வீட்டுக்குள் சேர்க்கமாட்டேன் என்பார். மகள் வாய்தவறிச் சொன்னால்கூட, 'சரி' என்று சொல்லவைத்த பிறகுதான் சாப்பிட உட்காருவார்.

கடைசியில் அந்தப் பிள்ளைதான் அவரை வைத்துக் காப்பாற்றியது.

போன மாதம் வந்திருந்த மாப்பிள்ளை, "மாமா, நான் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டார். இவர் ஓகே என்றார். மகள் தன் புருஷன் முதுகில் ஒன்று வைத்தாள். இவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இன்று அவளுக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது.

நாளைக் காலை அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன். டாக்டர் பாதி நம்பிக்கைதான் கொடுத்திருந்தார். மகள் தன் வீட்டில் அப்பாவுக்கு ஓர் அறையை ஒழித்து வைத்துவிட்டாள். அவர் மனம் கோணாமல் அங்கே போய்விட்டால் போதும், இவள் நிம்மதியாகப் போய்ப் படுத்துவிடுவாள்.

எதைக் கேட்டாலும் ஓகே சொல்கிற மனுஷன். இதற்கும் சொல்லிவிடுவார். அர்த்தத்தோடு வருகிறதோ, வெறுமனே வருகிறதோ, காதில் விழுந்தால் சரி.

சுண்டுவிரல் நகத்துக்கு வந்தபோது, தலை நிமிராமலே கேட்டாள்.

"என்னங்க, நான் திரும்பி வரலைன்னா, பொண்ணு வீட்ல சமத்தா இருப்பீங்கல்ல?"

பதில் வரவில்லை.

கேட்கவில்லையோ என்று நினைத்தாள். இன்னொரு தடவை கேட்கத் தெம்பில்லை. மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் தன் நல்ல கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தார். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. வெளியே வரப் பார்த்த அந்தச் சொல்லை, விரல்கள் வெளுக்க வெளுக்க, விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்.