காற்று வாங்கும் வாய்

ஒரு ஷெட்டில் பழைய பெட்ரோல் கார் ஒன்றும், புதிதாக வந்த மின்சாரக் கார் ஒன்றும் அடுத்தடுத்து நின்றன. பழையதற்கு முதல் நாளிலிருந்தே புதியதைப் பிடிக்கவில்லை.

"முன்னாடி சல்லடை மாதிரி கிரில் வச்சிருக்கே. அதுல ஒரு ஓட்டையக் கூடக் காணோமே?" என்று கேட்டது.

"எனக்குள்ள இன்ஜினே இல்லண்ணே, காத்து எதுக்கு? கிரில் இல்லாட்டி கார் மாதிரியே இல்லைன்னு வாங்குறவங்க சொல்றாங்களாம். அதான் சும்மா ஒப்புக்கு வச்சு அனுப்பிட்டாங்க."

"இதெல்லாம் ஒரு பொழப்பா? எங்க காலத்துல காரணமில்லாம ஒரு ஸ்க்ரூ இருக்காது. என் பானெட் மேல மேடா ஒரு வாய் இருக்கு பாரு. அது வழியா காத்து வாங்கினாத்தான் எனக்கு வேகமே வரும்."

அந்த நேரம் பார்த்து ஒரு பூனை சுவரிலிருந்து பானெட்டில் குதித்தது. வாய் பெயர்ந்து கீழே விழுந்தது. அது இருந்த இடத்தில் ஓட்டை எதுவும் இல்லை. வெயில் படாத நல்ல நீலப் பெயின்ட்டும், காய்ந்துபோன ஒட்டு டேப்பும்தான் இருந்தன.

புதிய கார் மரியாதையாகத் தன் பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டது.

காலையில் முதலாளி கதிரேசன் வந்தார். கார் என்றால் அவருக்கு உயிர். விழுந்து கிடந்ததை எடுத்துத் துடைத்து, கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு புது டேப் வைத்து அதை மின்சாரக் காரின் பானெட்டில் ஒட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தார்.

"இப்பத்தான் கார் மாதிரி இருக்கு," என்றார்.

அன்று பழைய காரில் எத்தனை முறை சாவியைத் திருகியும் அது கிளம்பவில்லை.

"காத்து வாங்காம எப்படிப் போறதாம்?" என்று முனகிக்கொண்டே நின்றது.