குட்டிமான் குரல்

"அசையாதீங்க மேடம். ஆள் வந்துட்டான்."

வேட்டைத் தடுப்புக் காவலர் முனிசாமி கிசுகிசுத்தார். வனக் காவலர் ஜோதிமணி உண்ணிச் செடிப் புதருக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. நாட்றாம்பாளையத்தைத் தாண்டி, காடு தொடங்குகிற இடத்தில் ஒரு புல்வெளி. பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு ஒருத்தர் நடந்து வந்தார். நாற்பது வயசிருக்கும். சாம்பல் நிறக் கம்பெனிச் சட்டை. தோளில் ஒரு பை.

"பேரு கோவிந்தப்பன். பொறந்தது இந்த ஊரு. இப்ப மூக்கண்டப்பள்ளியில குடியிருந்துக்கிட்டு கம்பெனி வேலைக்குப் போறான். நாலு வாரமா ஞாயிறு தவறாம இங்க வர்றான். இலையை ஊதி மானைக் கூப்பிடறான்னு ஊருக்குள்ள பேச்சு."

"ஊதினா மான் வருமா?"

"பாருங்க."

ஜோதிமணி வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. போன மாதம் இதே புல்வெளியில் ரெண்டு பெட்டை மான்களை யாரோ சுட்டு, கறியை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சம் கிடந்ததைப் பார்த்தவளுக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு இந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தே ஆகவேண்டும்.

கோவிந்தப்பன் ஒரு புங்க இலையைக் கிள்ளினார். சட்டையில் துடைத்து, மடித்து, உதட்டில் வைத்து ஊதினார்.

மனுஷர் போடுகிற சத்தமாகவே இல்லை அது. பால்குடி மறக்காத குட்டி ஒன்று தாயைத் தவறவிட்டு, தொண்டை வற்றக் கத்துகிற மாதிரி இருந்தது. ஊரில் மாமியாரிடம் விட்டுவந்த கைப்பிள்ளை ஞாபகம் வந்து, ஜோதிமணி தன்னை அறியாமல் எழுந்திருக்கப் பார்த்தாள். முனிசாமிதான் சைகை காட்டி உட்கார வைத்தார்.

மரங்களுக்கு நடுவே ஒரு பெட்டை மான் தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் நாலு, ஐந்து. காதை விறைத்துக்கொண்டு, பயத்தை எல்லாம் காட்டுக்குள்ளேயே விட்டுவிட்ட மாதிரி, நேராக அந்த மனுஷனைப் பார்த்து நடந்து வந்தன.

பத்தடி தூரத்தில் நின்றன. முன்னால் நின்ற மானின் விலா ஏறி இறங்குவதுகூட ஜோதிமணிக்குத் தெரிந்தது.

"இருபது வருஷமா காட்டுல கெடக்கறன் மேடம். இப்படி ஒண்ண நான் பார்த்ததில்ல," என்றார் முனிசாமி.

கோவிந்தப்பன் மெதுவாகக் குனிந்தார். ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து, முன்னால் நின்ற மானின் மேல் வீசி எறிந்தார்.

கட்டி அதன் விலாவில் பட்டுச் சிதறியது. பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் தடதடவென்று அடித்தார். மான்கள் நாலு திசையிலும் பாய்ந்து ஓடின.

"என்ன மனுஷன் இவன். தாயைக் கூப்பிட்டு வெச்சு அடிக்கிறான்."

"இருங்க மேடம். ஆயுதம் எங்க வெச்சிருக்கான்னு பார்க்கலாம்."

கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடி ஊதினார். மூன்று மான்கள் வந்தன. மறுபடி கட்டி, மறுபடி டப்பாச் சத்தம்.

மூன்றாம் தடவை ஒன்றே ஒன்று வந்தது. கத்திக்கொண்டே அதைக் காட்டு விளிம்பு வரைக்கும் துரத்தினார்.

நாலாம் தடவை ஊதினார். முன்னைவிட நீளமாக, முன்னைவிட உருக்கமாக.

ஒரு மான் மரத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டியது. கேட்டது. பிறகு திரும்பி உள்ளே போய்விட்டது.

ஒன்றும் வரவில்லை. கோவிந்தப்பன் இலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

ஜோதிமணி எழுந்து போய் எதிரே நின்றாள். "பையைக் குடு."

அவர் ஓடவில்லை. பையை நீட்டினார். டப்பா, ஒரு குச்சி, தண்ணி பாட்டில். கத்தி இல்லை, கண்ணி இல்லை.

"அதுங்க உனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு? எதுக்கு இப்படிக் கூப்பிட்டு கூப்பிட்டு அடிக்கிற?"

கோவிந்தப்பன் கீழே கிடந்த இலையைப் பார்த்தார்.

"சின்ன வயசுல ஆடு மேய்க்கறப்பத் தானா வந்ததுங்க மேடம் இந்த ஊதல். போன மாசம் ரெண்டு பேர் கார்ல வந்தாங்க. மானைப் போட்டோ புடிக்கணும், ஊதிக் காட்டுங்கன்னாங்க. எனக்கும் பெருமையா இருந்துச்சு, ஊதினேன். போன்ல பதிவு பண்ணிக்கிட்டாங்க."

"அதுக்கு?"

"மறு வாரம் இந்த ஊர்ல இருக்கற எங்க அக்கா போன் பண்ணுச்சு. காட்டுக்குள்ள உன் ஊதல் கேட்டுச்சு, அப்புறம் துப்பாக்கிச் சத்தம் கேட்டுச்சு, நீயாடான்னு கேட்டுச்சு. நான் அப்ப ஷிப்ட்ல மெஷின் முன்னால நின்னுட்டு இருக்கேன்."

முனிசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"உடனே எங்ககிட்ட ஏன் சொல்லலை?" ஜோதிமணியின் குரல் தாழ்ந்திருந்தது.

"பயந்துட்டேன் மேடம். தப்புதான். அவங்க யாருன்னும் தெரியாது, வண்டி நம்பரும் பார்க்கலை. அந்தச் சத்தம் இந்நேரம் எத்தனை பேர் போனுக்குப் போயிருக்குதோ, அதை அழிக்கவும் என்னால ஆகாது."

அவர் காட்டைப் பார்த்தார்.

"அதான், நான் கூப்பிட்டா ஒரு மான்கூட வராமப் போற வரைக்கும் இப்படி அடிச்சுத் துரத்திட்டு இருக்கேன் மேடம்."