செவலையும் பொறியும்

ஆழ்வார்திருநகரியில் அண்ணன் வீட்டுப் புறவாசலில் பொழுது இறங்குகிறது. ஆற்று வெள்ளத்தில் வீட்டை இழந்து இங்கே வந்திருக்கும் தஸ்மியா, பஞ்சாரத்தைத் தூக்கித் தன் செவலைக் கோழியையும் புள்ளி விழுந்த பொறிக்கோழியையும் வெளியே விடுகிறாள். கூடை இடுக்கு வழியே இவையும் வீட்டுக் கோழிகளும் ஒன்றையொன்று பார்த்துப் பழகியவைதான். ஆனாலும் மைனி ருக்சானாவின் கருங்கோழி கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு ஓடிவந்து செவலையின் கொண்டையைக் கொத்துகிறது. மற்றவையும் சூழ்ந்துகொள்கின்றன. செவலை எதிர்க்காமல் சுவர் மூலையில் தலையைப் புதைத்து நிற்கிறது. ரத்தம் வழிந்து கண்ணை மறைக்கிறது. தஸ்மியா அதை வாரியெடுத்து முந்தானையால் துடைக்கிறாள். "பைய பழகிரும்" என்று சொல்லிக்கொண்டே ருக்சானா குருணையைத் தள்ளி வீசுகிறாள். "பழகாட்டி வித்துருவோம். ஒங்க அண்ணனும் அதத்தான் சொல்லுதாவ." தஸ்மியாவின் கைக்குள் செவலையின் நெஞ்சு படபடக்கிறது. "எங்க வீட்டுல மிஞ்சினது இந்த ரெண்டுதான் மைனி" என்கிறாள். பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு கேட்கிறது. வீட்டுக் கோழிகள் கூட்டுக்குள் நுழைகின்றன. தஸ்மியா குனிந்து தன் கோழிகளையும் உள்ளே தள்ளுகிறாள். உடனே இறக்கைகள் அடித்துக்கொள்ளும் சத்தம், ஒரு கேவல். அவள் கை கதவுக்குப் போகிறது. "தெறக்காத. வெளிய கெடந்தா கீரி கொண்டு போயிரும்" என்கிறாள் ருக்சானா. தஸ்மியா கதவை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். உள்ளே செவலை கத்திக்கொண்டே இருக்கிறது.