பாலத்துக்கு இந்தப் பக்கம்

"நீங்க யாரு?" என்று கேட்டார் வாசல் காவலாளி.

"பெரியம்மா" என்றாள் அவள், தயங்காமல்.

மருத்துவக் கல்லூரிக் கலந்தாய்வு அறைக்குள் மாணவியோடு தாயோ தகப்பனோ ஒருவர்தான் போகலாம். தங்கை சான்றிதழ்க் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே பெண்ணும் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

பெரியம்மா தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். சும்மா இருக்கத் தெரியாத கை, முந்தானையின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தது.

உள்ளே பார்க்கப்போவது மதிப்பெண்ணை அல்ல. அதைப் பெண் எப்போதோ வாங்கிவிட்டாள். அவள் இந்த மாநிலத்துப் பெண்தானா என்று பார்ப்பார்கள். ஆறு வருடம் விடாமல் இங்கே படித்திருக்க வேண்டும். தாய் தகப்பனும் இங்கேயே குடியிருக்க வேண்டும்.

பாலத்தைத் தாண்டினால் வேறு மாநிலம். பஸ்ஸில் பத்து நிமிடம். அந்தப் பக்கம் மருத்துவக் கல்லூரி பேருக்கு ஒன்று. இதே மதிப்பெண்ணோடு போனால் கேட்டைக்கூடத் திறக்க மாட்டார்கள். இந்தப் பக்கம் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கே முதல் இடம்.

ஆறு வருடத்துக்கு முன்பே இதையெல்லாம் யோசித்துச் சொன்னவர் தங்கை புருஷன். வக்கீல் குமாஸ்தா. பத்திரம் எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. பதினோரு வயதுப் பெண்ணை முறைப்படி தத்து எடுத்து, இந்தப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்து, குடும்ப அட்டையிலும் பெயரை ஏற்றிவிட்டார்.

தத்துக் கொடுத்தவள்தான் இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

சுமந்து பெற்றவள். தகப்பனை இழந்த பெண்ணை ஒற்றை ஆளாய் வளர்த்தவள். அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டால் சோற்றுக்கு வழியில்லாதவள். கையெழுத்துப் போட்ட அன்று எழுத்து கோணிப்போனபோது, பேனா சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தாள்.

விசாரிக்க ஆள் வருவார்கள், வாய் தவறினால் எல்லாம் போச்சு, வீட்டுக்குள்ளேயும் பெரியம்மா என்றே கூப்பிடட்டும் என்று குமாஸ்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சட்டப்படி அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் வேறு சட்டம் தெரிந்தவர் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றவள் பழம் வாங்கிக்கொண்டு விருந்தாளி மாதிரி வருவாள். முதல் வருடம் பெண் "வாங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இரண்டாம் வருடம் சிரிப்பு நின்றுபோனது. மூன்றாம் வருடம் அந்த 'வாங்க' தானாகவே வந்தது. அதற்கு முன்பெல்லாம் 'நீ வா', 'நீ போ'தான். சண்டைக்காவது ஒரு தரம் 'நீ' என்று சொல்ல மாட்டாளா என்று ஏங்கிக்கொண்டே பாலத்தைத் தாண்டித் திரும்புவாள்.

எட்டாம் வகுப்பில் பெண்ணுக்குக் கடும் காய்ச்சல். அக்கம்பக்கத்துப் பெண்கள் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது "அம்மா" என்று முனகினாள். தங்கை தண்ணீரோடு ஓடினாள். பெற்றவள் சுவரோடு சுவராக நின்றாள். அன்றிலிருந்து, அந்த வார்த்தை எங்கே காதில் விழுந்தாலும் திரும்பக் கூடாது என்று கழுத்தைப் பழக்கிக்கொண்டாள்.

போன வருடம் ஒரு நாள், பஸ் ஏற்றிவிட வந்த பெண் காதோரம் கிசுகிசுத்தாள். சீட் கிடைக்கிற அன்றைக்கு எல்லாரும் கேட்கிற மாதிரி அம்மா என்று கூப்பிடுவாளாம். அதைக் கேட்டபிறகு பெற்றவளுக்குத் தூக்கமே சரியாக வருவதில்லை. எந்தக் கோட்டுக்கு இஸ்திரி போட்டாலும் அந்தக் குரல்தான்.

கதவு திறந்தது. தங்கை மட்டும் வந்தாள். அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு சொன்னாள். சான்றிதழெல்லாம் சரியாம். சீட் கிடைத்துவிட்டதாம். பெண் சேர்க்கை ஆணையைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு அடுத்த கதவு வழியாக வருவாளாம்.

பெற்றவள் தலையை ஆட்டினாள். எழுந்திருக்கவில்லை. கை மட்டும் முந்தானையை நீவிக்கொண்டே இருந்தது.

தாழ்வாரத்தின் மறுகோடியில் கதவு படாரென்று திறந்தது. காகிதத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி பெண் ஓடிவந்தாள். காவலாளியும், வரிசையில் நின்றவர்களும் திரும்பிப் பார்க்க, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா!"

பெஞ்சில் இருந்தவள் திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற தங்கையை முழங்கையால் மெல்ல இடித்தாள்.

"உன்னைத்தான் கூப்பிடறா. போ."