பூமிக்கடியில் ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை

சங்கிலிபூதத்தானுக்குப் பாளையங்கோட்டையில் யாரும் வேலை கொடுப்பதில்லை. நல்ல கொத்தனார்தான். அவன் கைபட்டால் சுண்ணாம்புக் கலவை வெண்ணெய் மாதிரி குழையும். ஆனால் தான் கட்டிய சுவரிலேயே பிற்பாடு கன்னம் வைத்து நுழைந்து, ஜெயிலுக்குப் போய் வந்தவன். அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

பாக்கியசீலன் கூப்பிட்டார்.

கொழும்பில் தேயிலைக் கம்பெனி உத்தியோகம் பார்த்துவிட்டு, ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டிய வருஷம் ஊர் திரும்பியவர் அவர். வரும்போது பில்லியர்ட்ஸ் பைத்தியத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தார். மேஜை கப்பலேறித் தூத்துக்குடிக்கு வந்துவிட்டது. வீட்டில்தான் இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் மனைவி சாரம்மாள் விட்டிருக்கமாட்டாள். கூடத்தில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும்போது பக்கத்தில் பந்து முட்டுகிற சத்தம் கேட்கலாமா?

அதனால் வீட்டைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டி, அடியில் நிலவறை தோண்டி, அங்கே மேஜையைப் போடுவதென்று முடிவானது.

ஊரில் வேறு கொத்தனாரே இல்லையா என்று சாரம்மாள் கேட்டாள். பாக்கியசீலன் சங்கிலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

“ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா மனுசன் இல்லன்னு ஆயிருமா? நீ வேலையப் பாருலே.”

இந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. போதகர் பிரசங்கத்திலேயே எடுத்துச் சொன்னார். சங்கிலிக்கும் நெஞ்சு இளகத்தான் செய்தது. மத்தியானம் சாரம்மாள் போட்ட மீன்குழம்புச் சோற்றைத் தின்னும்போது, இனிமேல் ஒழுங்காக இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தான்.

நினைப்பைக் கெடுத்தது பாக்கியசீலனின் வாய். ஒருநாள் நிலவறைக்குள் இறங்கி, மூலையில் ஒரு மாடம் வைத்து இரும்புக் கதவு போடச் சொன்னார்.

“கொழும்புல வாங்கின ரத்தினக் கல்லெல்லாம் இங்கனதான் இருக்கப் போவுது. பாத்துப் பைய வைலே. ஈரம் ஏறிரக் கூடாது.”

சங்கிலிக்குக் கை அரித்தது. தோட்டத்துப் பக்கம், காற்றுக்கு விட்ட சாளரத்தின் கீழே ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பெரிய கல்லை மட்டும் சுண்ணாம்பில் பதிக்காமல் களிமண்ணில் நிறுத்தி, மேலே வெள்ளையடித்து மறைத்தான். தள்ளினால் வந்துவிடும்.

வேலை நடந்த நாளெல்லாம் பக்கத்து வீட்டு அடகுக்கடைத் தளவாய் அண்ணாச்சிதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இடிக்கிற இடியில் தன் வீட்டு நிலவறைவரை அதிர்கிறது என்று நேரிலேயே வந்து சண்டை பிடித்தார். பாக்கியசீலன் அவரைச் சமாதானப்படுத்தி, முதல் ஆட்டம் உங்களோடுதான் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினார்.

கட்டி முடிந்தது. சங்கிலி கொஞ்ச காலம் பொறுத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தது. பாக்கியசீலன் வீட்டில் ஒருவர் மிச்சமில்லாமல் ஆராதனைக்குப் போனார்கள். சங்கிலி கல்லைத் தள்ளிவிட்டு உள்ளே இறங்கினான்.

இறங்கியவன் மாடத்தின் பக்கம் போகவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அவன் கட்டிய சுவர். அதில் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஓட்டை. பெயர்த்த செங்கற்கள் ஓரமாக அழகாக அடுக்கியிருந்தன.

முதலில் அவனுக்கு வந்தது கோபம்தான். எவனோ ஒரு களவாணி, தான் வைத்த வழியை மோப்பம் பிடித்து, தனக்கு முன்னால் நுழைந்திருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து ஓட்டைக்கு அந்தப்புறமிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. தளவாய் அண்ணாச்சி. அடகு நகைகள் இருந்த அவருடைய நிலவறை துடைத்து வைத்தாற்போல் காலியாக இருந்தது.

“எலே சங்கிலி, நகையெல்லாம் எங்கலே?”

“அண்ணாச்சி, நான் பாக்கியசீலன் ஐயா வீட்டுலதான் திருட வந்தேன். ஒங்க பக்கம் எட்டிக்கூடப் பாக்கல.”

பிடித்துக்கொண்டு போன ஏட்டு அப்பாத்துரை இதைக் கேட்டுச் சிரித்தார். கோர்ட்டிலும் சங்கிலி இதையேதான் சொன்னான். வாழ்க்கையில் அவன் ஒளிக்காமல் பேசியது அன்றைக்குத்தான். அதுவே அவனை உள்ளே தள்ளியது.

சாட்சிக்கூண்டில் பாக்கியசீலன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம், இவனுக்குத் தண்டனையைக் குறைத்துக் கொடுங்கள் என்று மன்றாடினார். கிறிஸ்துமஸுக்குச் சாரம்மாள் சுட்ட அதிரசத்தோடு ஜெயிலுக்கே வந்தார். சங்கிலி அவர் காலில் விழுந்தான்.

“ஒங்க சோத்தத் தின்னுட்டு ஒங்களுக்கே துரோகம் நெனச்சேன்யா. தோட்டத்துச் சுவத்துல கல்லை…”

“தெரியும்லே. அதெல்லாம் மனசுல வச்சுக்கிடாத.”

எல்லாம் தெரிந்தும் மன்னித்த மனுசன். அன்றோடு சங்கிலி திருட்டை அடியோடு மறந்தான். ராத்திரி படுக்கும் முன் பாக்கியசீலனின் க்ஷேமத்துக்காகச் சாமி கும்பிட்டான். அந்தக் களவாணி எவனாயிருந்தாலும் அவன் கை அழுகட்டும் என்றும் சேர்த்து வேண்டிக்கொண்டான்.

அடுத்த கோடையில் வீட்டை விற்றுவிட்டு ரங்கூன் போய்ச் சேர்ந்த பாக்கியசீலன், அங்கே பெரிதாக ஒரு நகைக்கடை திறந்தார்.